எங்க வீட்டம்மா

உடன் மேடையேறுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் சோப்பு. வாயைத் திறந்தால் நுரைதான் வரும், அழுக்கு வராது என்று ஒருவன் கிண்டலுக்குச் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. பின்னால் சுவரொட்டியிலேயே அச்சாகிவிட்டது: 'சோப்பு வழங்கும் சுத்தமான சிரிப்பு. குடும்பத்தோடு வாருங்கள்.' அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பெயர் வேண்டும், அது இருந்தது, அவ்வளவுதான்.

கொள்கைக்காகச் சுத்தமாகப் பேசுகிறார் என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. அது பழைய வேலையின் பழக்கம். மேடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தார். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, ஒரு போன். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். மணி இவர் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் கத்த ஆரம்பித்தால் மற்றவர்களும் கத்துவார்கள், அதற்கு விடக்கூடாது. அதற்காகத்தான் ஜோக் சொல்ல ஆரம்பித்தார். பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மாமியாரும் மருமகனும் இருக்கலாம். முதலாளியும், அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறிய குமாஸ்தாவும் இருக்கலாம். முகம் சுளித்தால் நகர்ந்து போக அங்கே இடம் கிடையாது. அதனால் எல்லோர் காதிலும் விழக்கூடியதை மட்டும் சொன்னார். பிற்பாடு பெரிய பெரிய மண்டபங்களில் நின்றபோதும் அவருக்கு எதிரே இருந்தது மூடிய பெட்டிதான்.

மனைவி அறிமுகமானதும் அந்தப் போனில்தான். ஒருநாள் மத்தியானம் மணி அடித்தது. எடுத்து, வழக்கம்போல ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. அதுவரைக்கும் ஒரு கதை சொல்றேன், கேளுங்க."

"கதை வேணாம்," என்றது ஒரு பெண் குரல். "மெக்கானிக் இப்ப எங்க வந்துக்கிட்டு இருக்காருன்னு சொல்லுங்க."

"பாலத்துகிட்ட வந்துட்டார்."

"நிஜமா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

அவருக்கு என்ன தோன்றியதோ, "சும்மாதான் சொன்னேன்," என்றார்.

"அப்ப கேட்டுட்டு நிஜத்தைச் சொல்லுங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

கடைசி வரியை அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அவர்தான் தனியாக உட்கார்ந்து சிரித்தார். அந்த லிஃப்ட் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருந்தது; அவள் அங்கே வேலை பார்த்தாள். கம்பெனி சார்பில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி மறுநாள் போனார். கம்பெனி யாரையும் மன்னிப்புக் கேட்க அனுப்புவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டபோதும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

மேடையில் அவருடைய பேர்பெற்ற ஜோக் இதிலிருந்து வந்ததுதான். "நான் சொல்ற ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆளு எங்க வீட்டம்மா. எப்படியாவது சிரிக்க வச்சுடணும்னுதான் கட்டிக்கிட்டேன். இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்." கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். "எங்க வீட்டம்மாகிட்ட 'என்னம்மா ஆச்சு?'ன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்பாங்க. அந்த ஒண்ணுமில்லைக்குள்ள கல்யாணத்தன்னைக்கு நான் லேட்டா வந்ததுல இருந்து நேத்து ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டது வரைக்கும் எல்லாம் இருக்கும்."

மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பாப்பாவும் மேடைக்கு வந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்கு. தொட்டிக்கு ஒரு குழாய் தண்ணீர் விடுகிறது, இன்னொரு குழாய் காலி பண்ணுகிறது, தொட்டி எப்போது நிறையும்? "நான் சொன்னேன், 'அந்த இன்னொரு குழாயை மூடச் சொல்லும்மா, கணக்கு முடிஞ்சுது'ன்னு. பாப்பா சொன்னா, 'அம்மாவும் அதைத்தாம்ப்பா சொன்னாங்க. ஆனா அந்தக் குழாய் நீங்கதானாமே?'" இதற்குச் சிரிக்காத ஊர் கிடையாது. கம்பெனி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கக் கூட்டம், டாக்டர்கள் மாநாடு, எங்கே போனாலும் குழாய் ஜோக் வேண்டும் என்று சீட்டு வந்துவிடும். லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டார். வாரத்தில் பாதி நாள் வெளியூர்.

வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. சண்டை கிண்டை எதுவும் இல்லை. தொண்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதுபோல உட்கார்ந்திருப்பார். அவள் பரிசோதனைக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுவாள். அவர் தலையாட்டுவார். சில சமயம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கொஞ்சம் கூர்மையாகும்; உடனே அவள் நிறுத்திவிடுவாள். அடுத்த வாரம் அது மேடைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளாக நாளாக அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேசாத வீட்டில் என்ன கிடைக்கும்? பழைய ஜோக்குகளையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பாப்பாவும் தனியா வீடு பார்த்திருக்கோம்," என்றாள்.

"சரி."

"கொஞ்ச நாளைக்கு இல்ல. போயிடலாம்னு."

"சரி," என்றார்.

அவள் ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதையும் மடித்து அடுக்கில் வைத்தாள். அந்த மாதமே போய்விட்டார்கள். கோர்ட்டில் வாதாட்டம், பஞ்சாயத்து, உறவுக்காரர்களின் கூச்சல் ஒன்றும் இல்லை. விவாகரத்தும் இருவர் கையெழுத்தோடு முடிந்தது.

அவருக்கு வலித்ததா என்றால், வலிக்கவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் எப்படி இருக்கும்? கண்ணுக்குத் தெரியும், தொட்டால் தெரியாது. அப்படி இருந்தது. அவர்கள் போன வாரமே வங்கி ஊழியர்களின் குடும்ப விழா ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தார். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்ததும் வாய் தானாக "எங்க வீட்டம்மா" என்றது. வேறு எதுவும் கைவசம் இல்லை. கூட்டம் சிரித்தது. சரி, இந்த ஒரு தடவை என்று நினைத்தார். பிறகு அப்படி நினைப்பதும் நின்றுபோயிற்று. இப்படியே ஆறு வருஷம். மேடையில் மனைவி அவரோடுதான் குடியிருந்தாள். பாப்பா ஐந்தாம் வகுப்பைத் தாண்டவே இல்லை.

நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து தருகிறவன் வயதில் இளையவன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். அவனுக்கும் விஷயம் தெரியாது. ஒருநாள் போனில் துள்ளிக்கொண்டு பேசினான்.

"அண்ணே, பெயிண்ட் கம்பெனி வெள்ளி விழா. முதலாளியம்மா உங்க பரம ரசிகை. ஒரே ஒரு ஆசைதான், அண்ணியையும் கூட்டிட்டு வரணுமாம். முன்வரிசைல உட்கார வச்சு, கடைசில மேடைக்குக் கூப்பிட்டுப் பூங்கொத்து குடுப்பாங்களாம்."

"அவங்க இதுக்கெல்லாம் வர மாட்டாங்கப்பா."

"கேட்டுப் பாருங்கண்ணே. தேதியே அண்ணிக்குத் தோதா வச்சுக்கலாம்ங்கறாங்க."

"உடம்பு சரியில்ல."

"இன்னும் ஒரு மாசம் இருக்கே! அதுக்குள்ள சரியாகாதா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சுவரொட்டியில் உள்ள குடும்பம் என்ற சொல்லுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். யோசனை பாதியில் சோர்ந்து படுத்துக்கொண்டது. மறுநாள் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார்.

அவள் இப்போது அங்கே மேற்பார்வையாளர். கண்ணாடிக்குப் பின்னால் ரத்தம் எடுத்த சிறு குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். "ரத்தம் குடுக்க வந்தீங்களா? சாப்பிட்டுட்டு வந்திருந்தா எடுக்க முடியாது," என்றாள்.

"இல்ல, வேற விஷயம்."

காத்திருப்போர் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி முடித்தார். அவள் முழுதாகக் கேட்டாள்.

"ஆறு வருஷமா நான் உங்க வீட்லதான் இருக்கேனா?"

"மேடைல மட்டும்."

"யாருக்கும் தெரியாதா?"

"யாரும் கேட்கலை."

எதிரே ஒரு வயதானவர் பஞ்சை முழங்கையில் அழுத்தியபடி இவரையே உற்றுப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிப்பது தெரிந்தது.

"வர்றேன்," என்றாள் அவள். இவர் திரும்பினார். "உங்களுக்காக இல்ல. நான் ஒரு தடவைகூட முழுசா உட்கார்ந்து கேட்டதில்ல. என்னைப் பத்தி அப்படி என்னதான் சொல்றீங்கன்னு பார்க்கணும்."

வெள்ளி விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. மண்டபச் சுவர்களுக்கு அந்தக் கம்பெனியே புதிதாக வர்ணம் அடித்திருந்தது. வாடை இன்னும் போகவில்லை. அவள் தன் ஸ்கூட்டரில் வந்தாள். முதலாளியம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா? எவ்வளவு நாளா பார்க்கணும்னு இருந்தேன் தெரியுமா? ஈரத் துண்டுக்கு எங்க வீட்டுலயும் இதே ரகளைதான்!" அவள் மரியாதைக்குப் புன்னகைத்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சோப்பு மேடையேறினார். பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார், வரவில்லை. நாக்குக்கு வழி தெரியும், அது பாட்டுக்குப் போயிற்று. துண்டு, மறந்துபோன கல்யாண நாள், கார் ஓட்டும்போது பின்சீட்டிலிருந்து வரும் 'பிரேக் போடுங்க' கூச்சல், எல்லாம் சொன்னார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒரு முகம் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் கடுகடுவென்று இல்லை. பரிசோதனைக்கூடத்தில் ஒரு ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிற கவனத்தோடு இருந்தாள். குழாய் ஜோக் வந்தபோது மட்டும் தலையைக் குனிந்து கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

"சிரிக்காத ஒரே ஆளு" என்று அவர் கை நீட்டியதும் மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது. அவள் நிஜமாகவே சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. முதலாளியம்மா அவளை மேடைக்கு அழைத்துப் போய்ப் பூங்கொத்தைக் கொடுத்தார். கூடவே மைக்கையும் நீட்டினார்.

"இவர் சொல்றதெல்லாம் நிஜந்தானா? நீங்களே சொல்லுங்க."

அவள் மைக்கைச் சரியான தூரத்தில் பிடித்தாள். "நிஜந்தாங்க. எல்லாம் நடந்ததுதான். நடந்தப்ப சிரிப்பு வரலை, அவ்வளவுதான்."

அன்றைக்கு அவர் வாங்கிய எந்தச் சிரிப்பும் அதற்கு அவள் வாங்கிய சிரிப்பின் பக்கத்தில் வர முடியாது. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "வீட்லயும் இப்படித்தான் கலகலன்னு பேசுவாரா?"

"வீட்ல இவர் பேசி நான் கேட்டதே இல்லைங்க. அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன்."

பின்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார். புருஷனை மிஞ்சிய பெண்டாட்டி என்று யாரோ கத்தினார்கள். சோப்புவும் சிரித்தார். எந்த இடத்தில் தலையை எவ்வளவு பின்னால் சாய்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், சாய்த்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டமாக இருந்தது. இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு வாகனங்கள் நிறுத்தியிருந்த பக்கம் வந்து, ஒரு சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார்கள். வெயில் கார்களின் மேல் அடித்தது. அவள் பாதி சாப்பிட்ட பிறகு பேசினாள்.

"அந்தப் பொம்பளை நல்லாத்தான் இருக்கா."

"யாரு?"

"நீங்க மேடைல வச்சிருக்கவ. கோபம் வந்தா ரெண்டு வார்த்தை சொல்றா, அதோட முடிஞ்சுது. அடுத்த ஜோக்குல பழையபடி ஆயிடறா. எனக்கு அப்படி ஆகலை." தண்ணீரைக் குடித்துவிட்டு மூடியைத் திருகினாள். "ஒண்ணு கேட்கட்டா? நான் போறேன்னு சொன்னப்ப ஏன் சரின்னு சொன்னீங்க?"

மேடையில் கூட்டத்திலிருந்து யார் எதைக் கேட்டாலும் அடுத்த நொடி பதில் சொல்லிவிடுகிறவர். இங்கே கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

"தெரியலைன்னாவது சொல்லியிருக்கலாம்," என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் இடத்தில் வைப்பதுபோலச் சொன்னாள். "என்னைப் பத்திப் பேசினா பேசிக்கோங்க, எனக்கு அது நான் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. பாப்பாவை மட்டும் விட்டுடுங்க."

"அவளை நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே."

"காலேஜ்ல அவ பேரு என்ன தெரியுமா? குழாய். முதல் வருஷத்துல யாரோ உங்க வீடியோவைக் காட்டிட்டாங்க. வாத்தியார்கூட ஒருநாள் அப்படிக் கூப்பிட்டிருக்கார்."

"என்கிட்ட அவ சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்வா? சொன்னா அதுவும் மேடைக்கு வந்துடுமேன்னு பயம்."

அவள் தட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டு, பூங்கொத்தை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் பார்த்து, ஸ்கூட்டரின் முன்கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் வாசல் வரை போகவில்லை. ஏற்பாட்டுக்காரன் ஓடிவந்தான். "அண்ணே, அண்ணி பிச்சு உதறிட்டாங்க! இனிமே ஜோடியாவே போடலாம்ண்ணே!"

"அவங்க என் மனைவி இல்லப்பா. விட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு," என்றார்.

அவன் அவர் தோளில் தட்டிச் சிரித்தான். "இதையும் சேர்த்துடுங்கண்ணே, சூப்பர்!" அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம்தான் அவன் முகம் மாறியது.

குழாய் ஜோக்கை அந்த வாரமே நிறுத்தினார். சீட்டு எழுதிக் கேட்டார்கள்; கவனிக்காததுபோல இருந்தார். எங்க வீட்டம்மாவை நிறுத்த இன்னும் சில மாதங்கள் ஆயின. ஒவ்வொன்றாகக் கழற்றியபோது, முக்கால் மணி நேர நிகழ்ச்சியில் கையில் மிச்சம் நின்றது கொஞ்சம்தான். ஒரு குடியிருப்பு விழாவில் ஒருநாள், "என் மனைவி என்னை விட்டுப் போயிட்டாங்க," என்று வெறுமனே சொல்லிப் பார்த்தார். கூட்டம் அடுத்த வரிக்குக் காத்திருந்தது. அவரிடம் அடுத்த வரி இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி, "எங்க போயிட்டாங்க அங்கிள்?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அவர் வானிலையைப் பற்றி ஏதோ சொல்லி இறங்கிவிட்டார்.

"குடும்பம் இல்லாம எப்படிண்ணே குடும்ப நிகழ்ச்சி?" என்றான் ஏற்பாட்டுக்காரன். நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிகள் கூப்பிடுவது குறைந்தது. சுவரொட்டியிலிருந்து 'குடும்பத்தோடு வாருங்கள்' என்ற இரண்டாவது வரியை எடுத்துவிட்டார்கள். மற்ற கலைஞர்கள், "இனிமே உனக்கு என்னப்பா தடை? கொஞ்சம் அழுக்கைப் பூசிக்கோ, கல்லா கட்டலாம்," என்றார்கள். ஒருநாள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒன்றிரண்டு சொல்லிப் பார்த்தார். கூச்சம்கூட வரவில்லை. வேறொருவர் சட்டையைப் போட்டுப் பார்த்ததுபோல இருந்தது, கழற்றிவிட்டார்.

பிறகு சின்னச் சின்ன இடங்களில், நாற்பது ஐம்பது பேர் உட்காரும் அறைகளில் பேச ஆரம்பித்தார். தனியாக இருக்கிற ஆளைப் பற்றி மட்டும். "வீட்ல ஒரு சாக்ஸ் காணாமப் போச்சு. முன்னெல்லாம் சந்தேகப்பட நாலு பேர் இருப்பாங்க. இப்ப நானும் வாஷிங் மெஷினும்தான். நான் எடுக்கலை. மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது." இதை நீட்டி, மெஷினோடு விசாரணை நடத்தி, சாட்சியாக வாளியை அழைத்து, ஒரு கோர்ட்டே கட்டியிருந்தார். சிரித்தார்கள். முன்புபோல இடி இடித்தாற்போல இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, அவரவர் வீட்டு ஞாபகத்தில் சிரித்தார்கள். அவருக்கு அதில் சந்தோஷம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது முன்னளவு களைப்பு இல்லை.

ஒரு ஞாயிறு காலை மகள் போன் செய்தாள். விசேஷத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும்தான் அவளிடமிருந்து போன் வரும்.

"அப்பா, நேத்து வந்திருந்தேன்."

"எங்கம்மா?"

"உங்க ஷோவுக்குத்தான். கடைசி வரிசை. தூண் மறைச்சுது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் எழுந்து நின்றுகொண்டார். ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை. "யாராவது... உன்னைக் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லப்பா. நானே டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்தேன்."

அம்மாவும் வந்திருந்தாளா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"பரவாயில்ல. மெஷின் கோர்ட்டு மட்டும் ரொம்ப நீளம்."

"எங்க நீளம்?"

"வாளி சாட்சி சொல்ற இடம். அதுக்கு முன்னாலயே எல்லாரும் சிரிச்சு முடிச்சுட்டாங்க. நீங்க அதுக்கப்புறமும் இழுக்கறீங்க."

"வாளியைத் தூக்கிட்டா நீதிபதி தனியா நிப்பாரேம்மா."

"நிக்கட்டுமே. அவரையும் தூக்குங்க."

"அப்ப தீர்ப்பை யாரு சொல்றது?"

"தீர்ப்பு எதுக்கு? சாக்ஸ் கிடைச்சுதா, இல்லையா?"

"இல்ல. இன்னும் கிடைக்கலை."

"அப்ப அதோட விட்டுடுங்க."

அவர் நீதிபதிக்காக வாதாடினார். அவள் விடவில்லை. நடுவில் அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். நீதிபதியைச் சுருக்கலாமா, அடியோடு நீக்கலாமா என்று நெடுநேரம் இழுபறி நடந்தது. கடைசியில் வாளியை எடுத்துவிடுவது, நீதிபதிக்கு ஒரே ஒரு வரி கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"சரிப்பா, வைக்கறேன். படிக்கணும்."

"என்ன பரீட்சை?"

"சொன்னா மேடைல சொல்வீங்களா?"

"இல்லம்மா."

அவள் சொன்னாள். இரண்டு பாடங்கள், ஒன்றில் கொஞ்சம் பயம். அவர் கேட்டுக்கொண்டார். போனை வைத்தபோது காது சூடாக இருந்தது.